அசிட் தின்ற இரைப்பை: கத்தி எடுக்கும் நேரமும் பொறுக்கும் நேரமும்

மாத்தளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிளகைச் சொல்வார்கள், கொக்கோவைச் சொல்வார்கள், முத்துமாரியம்மன் தேரைச் சொல்வார்கள். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காடு கடந்து, பலரை வழியிலேயே பறிகொடுத்து வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளரின் முதல் தரிப்பிடம் இதுவென்றும் சொல்வார்கள். ரப்பரை மட்டும் மறந்துவிடுவார்கள். உக்குவளை, யட்டவத்தைப் பக்கச் சரிவுகளில் ரப்பர் இன்றும் நிற்கிறது. எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியின் தோட்டங்களில் தேயிலையோடு ரப்பரும் உண்டு. வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு தாங்களே பால் வெட்டித் தாங்களே தகடு போடும் சிறு உடைமையாளர்களும் உண்டு.

விடியுமுன் வெட்டி, சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து வடிகட்டித் தட்டுகளில் ஊற்றுவார்கள். அதன்பின் அளந்து அசிட் விடவேண்டும். பால் உறைந்ததும் உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கூட்டில் தொங்கவிடுவார்கள். அந்த அசிட் பெரும்பாலும் போமிக் அமிலம். கடையில் வாங்கும்போது ஏறக்குறைய 85 வீதச் செறிவில் இருக்கும். பாலில் சேரும்போது அது ஒன்றிரண்டு வீதமாக நீர்த்திருக்க வேண்டும். நீர்க்கும் வேலை நடப்பது வீட்டில். ஆகவே செறிந்த அமிலம் வீட்டில் இருக்கிறது. பல இடங்களில் பழைய சாராயப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ, பெயர் எழுதிய தாள்கூட ஒட்டாமல் இருக்கிறது.

இருட்டில் தாகத்துக்குக் கைக்கு அகப்பட்டதைக் குடித்தவர், அப்பா வைத்த போத்தலைத் திறந்த குழந்தை, சண்டைக்குப் பின் ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எடுத்தவர் என்று இதைக் குடிப்பவர்கள் பலவகை. கக்கூஸ் கழுவும் அசிட், பட்டறிக்கு ஊற்றும் அசிட், பொற்கொல்லர் பாவிக்கும் அசிட் எல்லாவற்றுக்கும் இதே கதை உண்டு. ஆயினும் ரப்பர் நாட்டில் போமிக் அமிலத்துக்குத் தனியிடம் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தைப் பார்த்தால் அது தெரியும். கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த அமிலம் குடித்த 53 பேரைப் பற்றி 1985இல் எழுதினார்கள். ஏறக்குறைய மூன்று தசாப்தங்களுக்குப் பின், 2013இல், திருவனந்தபுரத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, ஒரே மருத்துவமனையில் இரண்டே ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட 302 பேரைக் கணக்கெடுத்தது. அவர்களில் 107 பேர், அதாவது 35.4 வீதத்தினர், இறந்தார்கள். குடலில் துளை விழுந்த 39 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தக் கடைசி எண்தான் சத்திரசிகிச்சை நிபுணரைத் தூங்கவிடாத எண். துளை விழுந்தபின் வயிற்றைத் திறப்பது பிந்திய வேலை. விழுமுன் திறந்தால், ஒருவேளை திறக்கவே தேவையில்லாத ஒருவரைத் திறந்ததாகிவிடும்.

இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அசிட் குடித்தவரின் இரைப்பையை வெட்டுவது எப்படி என்பதை ஒரு நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் பயிற்சிக் காலத்திலேயே கற்றுவிடுகிறார். எப்போது வெட்டுவது, எப்போது வெட்டாமல் இருப்பது என்பதைக் கற்க ஆயுள் போதுவதில்லை.

அமிலமும் காரமும் உடலைக் கெடுக்கும் முறை வேறு வேறு. காஸ்டிக் சோடா போன்ற காரம் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். அமிலமோ பட்ட இடத்திலேயே புரதத்தை உறையவைத்துக் கறுத்த பொருக்கு ஒன்றை உண்டாக்கும். பிசுபிசுப்பு இல்லாததால் உணவுக்குழாயில் தங்காமல் விரைந்து இறங்கிவிடும். அமிலம் உணவுக்குழாயை நக்கும், இரைப்பையைக் கடிக்கும் என்று சத்திரசிகிச்சைக் கூடங்களில் ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதை நம்பி உணவுக்குழாயைப் பார்க்காமல் விடக்கூடாது. செறிந்த அமிலம் இரண்டையும் ஒருசேரக் கடித்துவிடுவதுண்டு.

இரைப்பைக்குள் இறங்கிய அமிலம் அதன் சிறுவளைவை ஒட்டி ஓடி, வெளிவாய்க்குச் சற்று முன்பாக வந்து தேங்கும். அமிலம் பட்டதும் வெளிவாய்த் தசை இறுக மூடிக்கொள்ளும். முன்சிறுகுடலை அந்த இறுக்கம் காப்பாற்றுகிறது. அதற்கு விலையாக இரைப்பையின் கடைப்பகுதி அமிலத்தில் ஊறிக் கிடக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தவருக்குக் காயம் பெரும்பாலும் வெளிவாயை அண்டியே அமைவதும், சாப்பிட்ட வயிற்றில் குடித்தவருக்கு நடு இரைப்பையில் அமைவதும் இதனால்தான். போமிக் அமிலம் இதோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து இரத்தத்தையே அமிலமாக்குகிறது, சிவப்பணுக்களை உடைக்கிறது, சிறுநீரகத்தை முடக்குகிறது. அந்த நோயாளிக்குச் சத்திரசிகிச்சை நிபுணரோடு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரமும் வேண்டியிருக்கும்.

முதல் மணித்தியாலத்தில் வீட்டிலும் வைத்தியசாலை வாசலிலும் நடக்கும் பிழைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கைக் கிராமங்கள் பல தசாப்தங்களாகப் பூச்சிமருந்து குடித்தவர்களைக் கண்டு பழகியவை. நஞ்சு குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கவேண்டும், வைத்தியசாலையில் குழாய் விட்டு வயிறு கழுவவேண்டும் என்பது ஊரறிந்த பாடமாகிவிட்டது. அசிட் குடித்தவருக்கு இரண்டுமே கேடு. வாந்தியில் மேலேறும் அமிலம் உணவுக்குழாயை இரண்டாம் முறை சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். கண்மூடித்தனமாக விடும் குழாய் வெந்த சுவரைத் துளைக்கும். அமிலத்தை முறிக்கச் சோடாவோ சுண்ணாம்புத் தண்ணீரோ கொடுத்தால் சூடும் வாயுவும் கிளம்பும். கரித்தூள் எதையும் பிடித்து வைக்காது. பின்னால் வாய்வழியே கமரா விட்டு உள்ளே பார்க்கிறவரின் கண்ணை மட்டும் மறைக்கும். முதலில் கவனிக்க வேண்டியது மூச்சு. குரல் கம்மினாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, தொண்டை வீங்கி அடைபடுமுன் சுவாசக் குழாய் போட்டுவிட வேண்டும்.

அடுத்து வருவது தீர்ப்பு. சண்டிகரில் உள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்தில் ஸர்கர், கோச்சர் முதலியோர் 1989இலும் 1991இலும் வெளியிட்ட ஆய்வுகள், கமரா வழியாகக் காயத்தைத் தரம் பிரிக்கும் முறையை உலகுக்குத் தந்தன. வெறும் சிவப்பும் வீக்கமும் ஒரு தரம். ஆங்காங்கே புண் அடுத்தது. வட்டமாகச் சூழ்ந்த ஆழ்ந்த புண் அதற்கடுத்தது. கறுத்துச் செத்த சவ்வு அதற்கும் மேல். 1991ஆம் ஆண்டு ஆய்வில் இருந்த 81 பேரில், மேலோட்டமான காயக்காரர் அனைவரும் தழும்பில்லாமல் தேறினார்கள். வட்டமான ஆழ்புண் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கும், செத்த சவ்வோடு பிழைத்தவர்கள் அனைவருக்கும், பின்னால் சுருக்கம் விழுந்தது. நோயாளி படுக்கையில் கிடக்கும் முதல் இரண்டு நாளிலேயே அவருடைய அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று சொல்ல முடிந்தது இந்த ஆய்வால்தான்.

கமராவுக்கு ஒரு குறை இருந்தது. அது உட்புறத்தை மட்டுமே காட்டும். மேற்சவ்வு கறுத்திருப்பதைப் பார்த்து முழுச் சுவரும் செத்துவிட்டது என்று எண்ணி, உயிரோடிருந்த உறுப்புகளை வெட்டியெறிந்த காலம் ஒன்று இருந்தது. பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையின் நீண்ட அனுபவம் இதைத் திருத்தியது. நிறச்சாயம் ஏற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கானில் சுவர் சாயத்தை ஏற்றால் அதில் இரத்தம் ஓடுகிறது என்று பொருள். ஏற்காவிட்டால் சுவர் முழுத்தடிப்பும் செத்துவிட்டது. குடித்து 3 முதல் 6 மணித்தியாலத்துக்குள் இந்த ஸ்கானை எடுக்கும்படி உலக அவசர சத்திரசிகிச்சைச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. சிறுநீரகம் முடங்கியிருந்தாலோ ஸ்கான் இல்லாவிட்டாலோ கமராவையே நம்பவேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் பழைய கை இருக்கிறது: பலகைபோல் விறைத்த வயிறு, ஏறும் நாடி, இறங்கும் அழுத்தம், திருத்தத் திருத்தத் திருந்தாத அமில இரத்தம். இவை சேர்ந்து வந்தால் இயந்திரத்துக்காகக் காத்திராமல் வயிற்றைத் திறக்கவேண்டும்.

திறந்தபின் கண் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரைப்பையின் முன்சுவர் ஓரளவு செம்மையாகத் தெரியும். மூடிவிடலாம் என்று தோன்றும். பெருவளைவை ஒட்டிய கொழுப்புத் திரையைப் பிரித்துப் பின்பக்கம் கைவிட்டுத் தூக்கிப் பார்த்தால் பின்சுவர் முழுதும் கறுத்திருக்கும். மல்லாந்து கிடந்தவரின் அமிலம் அங்கேதான் தேங்கும். பின்சுவரைப் பார்க்காமல் வயிற்றை மூடக்கூடாது என்பது எழுதாத சட்டம். செத்தது உறுதியானால் இரைப்பை முழுவதையும் எடுத்துவிடுவார்கள்; உணவுக்குழாயும் செத்திருந்தால் அதையும். பாதி எடுத்துப் பாதி விட்டால், விட்ட பாதி மறுநாள் கறுத்துப்போகக்கூடும். சந்தேகம் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் மறுபடி திறந்து பார்ப்பதில் வெட்கமில்லை. அதிர்ச்சியில் இருக்கும் ஒருவருக்கு அன்றைக்கே குடலை இழுத்து உணவுக்குழாயோடு பொருத்தும் ஆசையைப் பெரும்பாலோர் அடக்கிக்கொள்கிறார்கள். வெட்டிய முனைகளை மூடி, கழுத்தில் எச்சில் வடிய வழிவைத்து, சாப்பாட்டுக்கு இடைச்சிறுகுடலில் ஒரு குழாய் போட்டுவிட்டு வெளியே வருவார்கள். மறுசீரமைப்பு பல மாதங்களுக்குப் பின்.

இத்தகைய பெருவெட்டு தேவைப்படுகிறவர்கள் சிலரே. மற்றவர்களுக்குச் செய்யவேண்டிய முதல் சத்திரசிகிச்சை மிகச் சிறியது, பெருமை தராதது: இடைச்சிறுகுடலில் ஓர் உணவுக் குழாய். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை வெந்த சுவரின் பொருக்கு உதிர்ந்து, புதுச்சதை இன்னும் வலுவடையாமல் இருக்கும்; அந்நாட்களில் கமராவும் விடக்கூடாது, விரிக்கவும் கூடாது. மூன்றாம் வாரத்திலிருந்து தழும்பு இறுகத் தொடங்கும். தழும்பு எங்கே நிற்கும், எவ்வளவு இறுகும் என்பது தெரிய இரண்டு மூன்று மாதமாவது செல்லும். அதற்குமுன் இரைப்பையைத் தொடுகிறவர் அழற்சியில் ஒட்டிக் கிடக்கும் உறுப்புகளுக்கிடையில் வழி தேடவேண்டியிருக்கும். இன்று நல்லதென்று நினைத்துத் தைத்த இடம் நாளை சுருங்கும். ஆகவே காத்திருக்கவேண்டும். வாயால் எதுவும் இறங்காத ஒருவர் மூன்று மாதம் எப்படிக் காத்திருப்பார்?

அந்தக் குழாய் வழியாகத்தான். இடைச்சிறுகுடல் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மெல்லிய குழாயைச் செருகி, குடற்சுவரையே அதன்மேல் மடித்துச் சிறிது தூரத்துக்குச் சுரங்கம்போல் தைத்து, வயிற்றுச் சுவரில் பொருத்தி வெளியே எடுப்பார்கள். ஜெர்மனியின் விட்சல் 1891இல் இரைப்பைக்குச் சொன்ன தையல்முறை இது. நாற்பது நிமிட வேலை. மாவட்ட வைத்தியசாலையில் செய்யக்கூடியது. அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால்மா, அவித்து அரைத்த முட்டை எல்லாவற்றையும் நன்றாக வடிகட்டி, மெதுவாக, ஒரே வேகத்தில் விடவேண்டும். வேகமாக விட்டால் வயிற்றோட்டம். விடுமுன்னும் விட்டபின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் செலுத்திக் குழாயைக் கழுவாவிட்டால் அடைபடும். அடைபட்ட குழாயோடு லயத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு ஒரு நாள் சம்பளமும் போகும். இதை நோயாளியின் அம்மாவுக்கோ மனைவிக்கோ தாதி ஒருவர் பொறுமையாகச் செய்து காட்டிக் கற்பிப்பதில்தான் பின்னால் வரப்போகும் பெரிய சத்திரசிகிச்சையின் வெற்றி தங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஐம்பது கிலோவிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கிய உடம்பில் எந்த மேதையின் தையலும் ஆறாது.

தழும்பையே தடுக்க முடியாதா? ஸ்டெரொயிட் கொடுத்தால் அது விழாது என்று நெடுநாள் நம்பினார்கள். வாஷிங்டனில் 18 ஆண்டுகளாக 60 குழந்தைகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. உணவுக்குழாய்த் தழும்பில் பயனில்லை என்பது தெரிந்தது.

சில வாரங்களுக்குப் பின் நோயாளி திரும்பி வருவார். கதை எப்போதும் ஒன்றே. முதலில் வயிறு சீக்கிரம் நிரம்புகிறது என்பார். பிறகு மாலையில் வாந்தி. காலையில் சாப்பிட்ட சோறு இரவு வெளியே வரும், பருக்கைகூடக் கரைந்திருக்காது, பித்தத்தின் கசப்போ மஞ்சளோ இராது. மெலிந்த வயிற்றில் இடமிருந்து வலமாக அலையொன்று ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடுப்பைப் பிடித்து மெல்லக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும். வாந்தியில் குளோரைட்டும் பொட்டாசியமும் போய் இரத்தம் காரமாகியிருக்கும். சேலைனும் பொட்டாசியமும் ஏற்றி இதைச் சரிசெய்யாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. உணவுக்குழாயிலும் சுருக்கம் இருந்தால் இன்னொரு மறைவு நேரும்: எதுவுமே கீழே இறங்காததால் வாந்தியும் வராது, இரைப்பை அடைபட்டிருப்பது எவருக்கும் தெரியாது. உணவுக்குழாயை விரித்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் கீழ் அடைப்பு வெளிப்படும். விரித்தவரைத்தான் நோயாளி குறை சொல்வார்.

இந்தத் தழும்புகளைத் தமிழ் பேசும் மண்ணில் நெடுங்காலம் உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள். என். அனந்தகிருஷ்ணன், ஜி. பார்த்தசாரதி, விக்ரம் கட்டே ஆகிய மூவரும் ஒரே பிரிவில் முப்பது ஆண்டுகளில் கண்ட 109 நாட்பட்ட இரைப்பைக் காயங்களை 2010இல் தொகுத்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு, உடனடிக் காயங்கள் பற்றிய தங்கள் முப்பதாண்டு அனுபவத்தையும் எழுதினார்கள். ஒரே பிரிவு, முப்பது ஆண்டு என்பது சாதாரணமல்ல. ஒரே கண்கள் ஒரே கேள்வியோடு அத்தனை வயிறுகளையும் பார்த்திருக்கின்றன. தழும்பு விழும் இடத்தை வைத்து அவர்கள் ஐந்து வகை பிரித்தார்கள்.

முதல் வகையில் வெளிவாயை ஒட்டி ஒன்றிரண்டு சென்ரிமீற்றரில் ஒரு வளையம், அவ்வளவுதான். இரண்டாம் வகையில் அது மேலேறிக் கடைப்பகுதி முழுவதையும் சுருக்கியிருக்கும். மூன்றாவது, சாப்பிட்ட வயிற்றில் குடித்தவருடையது: மேலும் கீழும் நன்றாக இருக்க, நடுவில் மட்டும் இடுங்கி இரைப்பை ஓர் உடுக்கையாகியிருக்கும். நான்காம் வகையில் இரைப்பை முழுவதும் இறுகிச் சுருங்கி, விரிவே இல்லாத ஒரு குழாயாகியிருக்கும். ஐந்தாவதில் முன்சிறுகுடலும் சேர்ந்து கெட்டிருக்கும். வெளிவாய் இறுக்கம் காப்பாற்றத் தவறியவர்கள் இவர்கள்.

வகை தெரிந்தால் வழி ஓரளவு தெரிந்துவிடும். குறுகிய வளையத்தைக் கமரா வழியாகப் பலூன் விட்டுச் சிறிது சிறிதாக விரிக்கலாம். சண்டிகரில் இதை நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் பலமுறை வரவேண்டும், கிழியும் ஆபத்தும் உண்டு. வில்கமுவவிலிருந்தோ லக்கலையிலிருந்தோ மூன்று வாரத்துக்கொரு தடவை கண்டிக்கு வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? அப்படிப்பட்டவருக்கு ஒரே தடவையில் முடியும் சத்திரசிகிச்சை நல்லது என்பது என் எண்ணம். கெட்ட கடைப்பகுதியை வெட்டியெடுத்து, மீந்த இரைப்பையை நேரே முன்சிறுகுடலோடு பொருத்துவது முதலிரு வகைக்கும் பொருத்தமான வேலை. வியன்னாவில் பில்ரோத் 1881 ஜனவரி 29 அன்று புற்றுநோயாளிப் பெண் ஒருவருக்குச் செய்து முதன்முதல் வெற்றி கண்ட அதே வெட்டு. தழும்பைத் தாண்டி நல்ல சுவர் வரும்வரை வெட்டவேண்டும். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் எல்லை தெரியாது. இரைப்பையைத் திறந்து உட்சவ்வின் நிறத்தையும் அதில் கசியும் இரத்தத்தையும் பார்த்துத்தான் நிறுத்தவேண்டும்.

உறுப்புகள் ஒட்டிக் கிடந்து வெட்டமுடியாதபோது, அல்லது நோயாளி நீண்ட சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டார் என்றால், தழும்பை விட்டுவிட்டு இடைச்சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து இரைப்பையின் நல்ல பகுதியோடு இணைத்து மாற்றுவழி அமைப்பார்கள். இது சுருக்கமானது. ஆனால் கெட்ட பகுதி உள்ளேயே கிடக்கும். இணைத்த இடத்தில் இரைப்பையும் பின்னால் சுருங்கினால் மறுபடி அடைபடும். முன்பெல்லாம் இத்தோடு அமிலச் சுரப்பைக் குறைக்க நரம்பையும் வெட்டுவார்கள். அசிட்டில் வெந்த இரைப்பை பெரும்பாலும் அமிலம் சுரக்கும் வலுவையே இழந்திருப்பதால் அது தேவையற்றது என்பது இப்போதைய கருத்து. நான்காம் வகைக்கு இரைப்பை முழுவதையும் எடுத்து, குடலை உணவுக்குழாயோடு பொருத்துவதைத் தவிர வேறு வழி அரிது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பலமுறை சாப்பிடவேண்டும். பி12 ஊசி தவறாமல் போடவேண்டும். உணவுக்குழாயும் மூடிப்போனவர்களுக்குப் பெருங்குடலின் ஒரு துண்டை இரத்தக்குழாயோடு நெஞ்சுக்கு ஏற்றிக் கழுத்தில் இணைக்கும் வேலை இருக்கிறது. அது எல்லா வைத்தியசாலைக்கும் உரியதல்ல.

வாயால் சாப்பிட முடியாத ஒருவரை வயிற்றில் வழிவைத்து வாழவைக்கலாம் என்று மருத்துவம் கற்றுக்கொண்டதே அரிக்கும் காரம் குடித்த ஒருவரிடமிருந்துதான். 1876இல் பாரிஸில் காஸ்டிக் பொட்டாஷ் விழுங்கி உணவுக்குழாய் அடைபட்ட 17 வயதுப் பையன் ஒருவனுக்கு வெர்னேய் என்ற மருத்துவர் இரைப்பையில் துளையிட்டுக் குழாய் போட்டார். பையன் பிழைத்தான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சார்ல்ஸ் ரிஷே, அந்தத் துளை வழியாகத்தான் இரைப்பை நீரை எடுத்துத் தன் ஆய்வைச் செய்தார்.

மாத்தளைக்கு வருவோம். மாவட்டப் பொது வைத்தியசாலை மாத்தளை நகரில் இருக்கிறது. வடக்கே தம்புள்ளையில் ஆதார வைத்தியசாலை. கண்டித் தேசிய வைத்தியசாலை ஏ9 வீதியில் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு தெற்கே. பேராதனைப் போதனா வைத்தியசாலை அதற்குச் சற்று அப்பால். வரைபடத்தில் பார்த்தால் இந்த மாவட்டம் பெரிய வைத்தியசாலைகளுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் பல்லேகமையிலிருந்து ரிவஸ்டன் கணவாய் ஏறி இறங்கி வருகிறவருக்குக் கண்டி அருகிலில்லை. வேலையை இப்படிப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன்: மூச்சைக் காப்பது, நீரேற்றுவது, செத்த இரைப்பையை அவசரத்தில் எடுப்பது, உணவுக் குழாய் போடுவது மாவட்டத்தில், தழும்பு முதிர்ந்தபின் செய்யும் மறுசீரமைப்பு கண்டியிலோ பேராதனையிலோ. முதல் நாள் அவசரத்தில் நோயாளியை ஆட்டி அசைத்து மலைவழியே கொண்டுபோவதைவிட, மூன்றாம் மாதம் தேறிய உடம்போடு அனுப்புவது பாதுகாப்பானது. போமிக் அமிலம் மட்டும் விதிவிலக்கு. சிறுநீரகம் முடங்கும் அறிகுறி தெரிந்தால் இரத்தச் சுத்திகரிப்பு உள்ள இடத்துக்குத் தாமதமின்றி அனுப்பியாகவேண்டும்.

நோயாளி என்ன குடித்தார் என்று உண்மையைச் சொல்வதிலும் தாமதம் நேர்கிறது. பொலிஸுக்குப் பயந்து தவறுதலாகக் குடித்தேன் என்பார்கள், வேறொன்றின் பெயரைச் சொல்வார்கள். உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. இந்தச் செய்தி லயங்களுக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்றே தோன்றுகிறது. இரைப்பையைச் சரிசெய்தபின் மனதைக் கவனியாமல் வீட்டுக்கு அனுப்புவதும் பாதி வைத்தியம்தான். குழாயோடு இருக்கும் அந்த மூன்று மாதம் மனநல மருத்துவர் பேசுவதற்குக் கிடைத்த காலம்.

இலங்கைக்கு இதில் உலகம் போற்றும் பாடமொன்று கையிலேயே இருக்கிறது. 1995இல் இந்நாட்டில் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார்கள். உலகில் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. 1980ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மிகக் கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைபட்டன. 1995இல், நச்சுத்தன்மையில் முதல் வகுப்பைச் சேர்ந்தவற்றில் மீந்திருந்தவை, 1998இல் என்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவட் உட்பட மூன்று. பத்தே ஆண்டில், 2005 அளவில், விகிதம் பாதியாகியது, மேலும் இறங்கியது. விளைச்சல் இதனால் குறையவில்லை. ஆத்திரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதே உயிரா சாவா என்பதைத் தீர்மானிக்கிறது என்று இந்த நாடு நிரூபித்துக் காட்டியது.

ரப்பர் அசிட் பூச்சிகொல்லி அல்ல. அதனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவில் காஸ்டிக் விழுங்கிய குழந்தைகளின் உணவுக்குழாயை வாழ்நாளெல்லாம் விரித்துக்கொண்டிருந்த பிலடெல்பியா மருத்துவர் செவாலியர் ஜாக்சன், விரிப்பதோடு நிற்கவில்லை. இவற்றை நஞ்சென்று அச்சிட்டு விற்கவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடி 1927இல் கூட்டாட்சிச் சட்டமே கொண்டுவரச் செய்தார். நம்மிடம் கேட்கவேண்டியது அதைவிட எளியது. செறிந்த அமிலம் வீட்டுக்குப் போகத் தேவையே இல்லை. துருசவிய நிதியத்தின் ஆதரவில் சிறு உடைமையாளர் சங்கங்கள் இருக்கின்றன. பொதுவாகத் தகடு போடும் நிலையங்கள் சில இடங்களில் உண்டு. பாலை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அது முடியாத இடத்தில் சங்கமோ கடையோ நீர்த்த அமிலத்தையே கேனில் ஊற்றிக் கொடுக்கலாம். சுமை கூடும், போக்குவரத்துச் செலவு கூடும். ஓர் இரைப்பைச் சத்திரசிகிச்சையின் செலவோடு ஒப்பிட்டால் அது காசே அல்ல.

அதுவரை, வீட்டில் அசிட் வைத்திருக்கும் வாசகர் அதைக் குடிக்கும் போத்தலில் ஊற்றி வைக்கவேண்டாம். பெயர் எழுதி, பூட்டி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவேண்டாம், முறிக்க எதுவும் கொடுக்கவேண்டாம். வாயை மட்டும் கொப்பளிக்க வைத்து, 1990க்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸை வரவழையுங்கள், போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். மனம் தாங்காத நேரம் வந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம்.